வேலையோடு நூலகப் படிப்பு: எதை முதலில் எடுப்பது?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நூலகம் மூடுகிற நேரம். எங்களோடு புதிதாகச் சேர்ந்த தங்கச்சி கவுண்டரில் இரண்டு காகிதங்களையும் தன் போனையும் வரிசையாக வைத்தாள். முதல் காகிதம் இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவுக்கான விண்ணப்பம். அடுத்தது பத்திரிகையில் இருந்து கத்தரித்த வெளிவாரிப் பட்ட விளம்பரம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து படித்துப் பரீட்சை எழுதுகிற பட்டம். போனில் இருந்தது யாரோ அனுப்பிய படம்: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம், தொலைக்கல்வி, ஒரே வருடத்தில் நூலக விஞ்ஞானப் பட்டம்.

"அக்கா, இதுல எதைச் செய்யட்டும்?"

அவளுக்கு அன்றைக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பிரதேச சபை, நகரசபை நூலகங்களில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த கையோடு வேலைக்கு வந்த பிள்ளைகள் பலர் இதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள். அதனால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. நானும் ஏ.எல். முடித்து, அமைய (தற்காலிக) அடிப்படையில் ஒரு சிறு பட்டண நூலகத்தில் சேர்ந்தவள்தான். மலையகத்தில், ஹட்டனில் இருந்து முக்கால் மணித்தியாலம் தள்ளி எங்கள் தேயிலைத் தோட்டம். சேர்ந்த மறுவருடமே வெளிவாரி பி.ஏ.க்குப் பதிவு செய்தேன். அப்போது எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் "டிகிரி எடு, மற்றதெல்லாம் தானாக வரும்" என்றார்கள். முதல் வருடம் பாஸ். இரண்டாம் வருடம் பாதியில் அம்மா கொழுந்துக்கூடையோடு மலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி, வீடு, வேலை என்று அலைந்ததில் படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் போன இரண்டு நேர்முகத் தேர்வுகளிலும், பட்டத்தின் முதல் வருடம் பாஸ் பண்ணிய கடிதத்தை யாரும் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "நூலகத் துறையில் என்ன தகைமை இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்கள். எதுவும் இல்லை என்றேன்.

அதனால் இந்தப் படிப்புகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இது நடுவில் நின்றுபோனால் என் கையில் என்ன மிஞ்சும்? கொழும்பில் இருக்கிற ஒருவருக்கு இந்தக் கேள்வி பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் இருந்து படிக்கிறவளுக்குப் படிப்பு ஒருமுறையாவது நின்றுதான் போகும். பெற்றாருக்கு நோய் வரும், கல்யாணம் வரும், மழைக்கு ரோட்டில் மண் சரியும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து பஸ்ஸே ஓடாத வாரங்களையும் பார்த்தோம்.

வேலையை விட்டுவிட்டுப் போகலாமா?

இதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். களனிப் பல்கலைக்கழகத்தில் நூலக விஞ்ஞானத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. இந்த நாட்டில் அந்தப் பாடத்தைப் பட்டப் படிப்பாகக் கற்பிப்பதில் மூத்தது அதுதான். உள்வாரியாக, அதாவது முழுநேர மாணவியாக அங்கே போக ஏ.எல். இஸட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடுகிற தரப்படுத்திய புள்ளி) வேண்டும். அதற்காக ஏ.எல். எழுத மூன்று தடவைதான் இடம். நுவரெலியா, பதுளை இரண்டும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் மாவட்டக் கோட்டாவோடு, அப்படிப்பட்ட மாவட்டங்களுக்கென்று ஒதுக்குகிற ஐந்து வீத இடங்களிலும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு உண்டு. உனக்கு வயது இருபது, தெரிவுக் கடிதம் கையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் போ. நூலக உதவியாளர் வேலை எங்கும் ஓடிப்போகாது. அந்த நான்கு வருடம் திரும்பி வராது. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும்: அங்கே படிப்பு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் பெரும்பாலும் சுழலும். தமிழில் மட்டும் படித்து வந்த பிள்ளைக்கு முதல் வருடம் மூச்சு முட்டும்.

கடிதம் இல்லாதவர்களுக்கு, அதாவது எங்களில் அநேகருக்கு, இது ஒரு தெரிவே இல்லை. வேலையில் இருந்துகொண்டே படிப்பதுதான் வழி.

சங்கத்தின் டிப்ளோமா

இலங்கை நூலகச் சங்கம் 1960இல் தொடங்கியது. 1974இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் நூலகராக வந்த பெரும்பாலானோர் இந்தச் சங்கத்தின் பரீட்சைகள் வழியாக வந்தவர்கள்தான். டிப்ளோமா மூன்று மட்டமாகப் பிரிந்திருக்கிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் படிக்கலாம்.

இந்த மூன்று மட்டம் என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம். நூலக வேலை விளம்பரங்களை ஐந்தாறு வருடமாகக் கத்தரித்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் பலவற்றில் முதல் மட்டம், இரண்டாம் மட்டம் என்று தனித்தனியாகவே கேட்டிருக்கிறார்கள். ஒரு மட்டம் முடித்ததும் வீட்டில் ஏதோ நடந்து இரண்டு வருடம் நின்றாலும், அந்த ஒரு மட்டம் விண்ணப்பத்தில் எழுதக்கூடிய ஒரு வரி. அம்மா விழுந்த வருடம் என்னிடம் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான்.

அடுத்தது, இங்கே படிப்பதை மறுநாளே நூலகத்தில் செய்து பார்க்கலாம். இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் நூலகத்தில் புத்தகங்கள் ஒரு மாதிரியான ஒழுங்கில் இருந்தன. உயரமானவை கீழே, குட்டையானவை மேலே. நாவல்கள் ஒரு அலுமாரி, "மற்றவை" ஒரு அலுமாரி. முதுகில் எண் ஒட்டியிருக்கும், ஆனால் அந்த எண்ணை யார், எதற்காகப் போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. டிப்ளோமா வகுப்பில், புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணால் பிரிக்கிற டூயி தசமப் பகுப்பைக் கற்பித்த அன்றைக்குத்தான் அந்த எண்கள் பேச ஆரம்பித்தன. 633.72 என்றால் தேயிலைச் செய்கை. 894.811 தமிழ் இலக்கியம், அதில் கடைசியில் 1 சேர்ந்தால் கவிதை, 3 சேர்ந்தால் புனைகதை. 954.93 இலங்கை வரலாறு. என் அம்மா வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்கு ஐந்து இலக்கத்தில் ஒரு எண் இருக்கிறது என்பதை நினைத்து அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் எண் தெரிந்தவுடன் பிரச்சினை தீர்ந்துவிடாது, அப்போதுதான் தொடங்கும். ஒரு நாள் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நால்வர் வந்தார்கள். மலையகத் தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை தொடர்பாக 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தைப் பற்றி ஒப்படை எழுத வேண்டுமாம். அது எங்கே இருக்கும்? இலங்கை வரலாற்றில் 954.93இல் ஒன்று இருந்தது. பிரஜாவுரிமை பற்றிய புத்தகம் 323இல். தோட்டத் தொழிலாளர் பற்றியது 331இல், தொழில் பொருளியலோடு. ஒரு நினைவு மலர் எந்த எண்ணும் இல்லாமல் "மற்றவை" அலுமாரியில் கிடந்தது, அதில்தான் நல்ல கட்டுரை இருந்தது. ஒரே மக்களின் கதை நான்கு அலுமாரிகளில் சிதறிக் கிடக்கிறது. வெளிநாட்டில் செய்த ஒரு பகுப்புக்கு மலையகம் என்று ஒரு தனி வீடு தெரியாது. அப்படியென்றால் பொருள் தலைப்பிலும் பட்டியலிலும் நாங்கள்தான் பாலம் போட வேண்டும். அடுத்த வகுப்பில் இதைக் கேட்டேன். ஆசிரியர் அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம் இதைப் பற்றியே பேசினார். வேலையில் இல்லாமல் படித்திருந்தால் அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது. படிக்காமல் வேலை மட்டும் செய்திருந்தால் அந்த நான்கு பிள்ளைகளையும் "இல்லை" என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

ஈரமும் அப்படித்தான். பாதுகாத்தல் பற்றிய பாடத்தில் வெப்பம், ஈரப்பதன், பூச்சி என்று வரும். காற்றில் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்று படித்தேன். எங்கள் ஊரில் ஜூன், ஜூலையில் மூடுபனி கவுண்டருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். நாங்கள் அதுவரை காலையில் யன்னலைத் திறந்து, மாலையில் பூட்டிக்கொண்டிருந்தோம். ஈரத்தை நாங்களே கூப்பிட்டு உள்ளே வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது வெயில் விழுகிற மதியத்தில்தான் யன்னல் திறக்கும். அலுமாரிகளைச் சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளி வைத்தோம். இதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு ரங்கநாதன் ஞாபகம் வருவார். சீர்காழியில் பிறந்த, கணிதம் படிப்பித்த மனுஷன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அவரை நியமித்தபோது அவருக்கு நூலகப் பயிற்சியே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் லண்டனுக்குப் போய்ப் படித்தார். ஆரம்பத்தில் அந்த வேலை பிடிக்காமல் திரும்பவும் கணிதத்துக்கே போகப் பார்த்தாராம். உலகம் முழுக்க நூலக மாணவர்கள் மனப்பாடம் செய்கிற ஐந்து விதிகளை 1931இல் எழுதியவரும் அவர்தான். வேலை முதலில், படிப்பு பிறகு என்பது ஏதோ குறைந்த வழி என்று நினைக்கிறவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன்.

சரி, டிப்ளோமாவின் குறைகள். இது பட்டம் இல்லை, பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு உதவாது. பல்கலைக்கழக நூலகங்களில் உதவி நூலகர் பதவி விரிவுரையாளர்களைப் போலக் கல்விசார் பதவி, அதற்கு வகுப்போடு கூடிய விசேட பட்டம் கேட்பார்கள். டிப்ளோமாவை மட்டும் வைத்துக்கொண்டு பேராதனை நூலகத்தில் அந்தக் கதிரையில் உட்கார முடியாது. இன்னொன்று, எந்த ஊரில் எந்த மொழியில் வகுப்பு வைப்பார்கள் என்பது சேருகிற ஆட்களைப் பொறுத்தது. தமிழ் வகுப்புக்கு ஆள் குறைந்தால் கண்டிக்குப் பதிலாகக் கொழும்பு என்றாகிவிடலாம். பணம் கட்டுமுன் போன் எடுத்துக் கேட்பது நல்லது.

வெளிவாரிப் பட்டமும் திறந்த பல்கலைக்கழகமும்

எங்கள் பக்கம் வெளிவாரி என்றால் பேராதனைதான் முதலில் வாயில் வரும். பொதுப் பட்டம், தமிழில் எழுதலாம். திறந்த பல்கலைக்கழகத்துக்கு நாவலையில் தலைமையகம், கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய நிலையங்கள், ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கற்கை நிலையங்கள். அதன் சமூக விஞ்ஞானப் பட்டத்தைத் தமிழில் செய்யலாம். ஹட்டன்காரருக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு கற்கை நிலையம் இருப்பது சின்ன விஷயமில்லை. ஒப்படை, நாள் வகுப்பு, தொடர் மதிப்பீடு என்று வருடம் முழுக்கப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள். வெளிவாரியில் அப்படி யாரும் இழுக்க மாட்டார்கள், பரீட்சைத் திகதி வரும்போதுதான் திடுக்கிட்டு எழும்புவோம். தானாகப் படிக்கிற பழக்கம் இல்லாதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகமே நல்லது என்பது என் எண்ணம்.

இந்த இரண்டு பட்டங்களிலும் நீ படிக்கப்போவது நூலக விஞ்ஞானம் அல்ல. தமிழ், புவியியல், வரலாறு, சமூகவியல் என்று ஏதாவது. அது வீண் என்று சொல்ல மாட்டேன். உசாத்துணைப் பகுதியில் நிற்கிற ஒருத்திக்கு வரலாறும் புவியியலும் தெரிந்திருப்பது பெரிய பலம். ஆனால் பட்டம் கைக்கு வரும் வரை, வேலையில் உனக்கு அது ஒரு படியும் ஏற்றித் தராது. மூன்று வருடப் படிப்பு என்பார்கள். வேலையோடு செய்கிறவர்களில் மூன்றே வருடத்தில் முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு, இடைவெளியையும் சேர்த்தால், ஒன்பது வருடம்.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசிவிடலாம். எங்கள் ஊரில் "டிகிரி" என்றால் பலருக்கு "டீச்சர்" என்றுதான் அர்த்தம். நூலக வேலை அதுவரைக்கும் நிற்கிற பஸ் ஸ்டாண்ட். அதில் தவறு இல்லை. ஒரு லயத்துக் குடும்பத்துக்கு ஆசிரியர் நியமனம் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் படிப்பைத் தெரிவு செய்யுமுன் அந்தக் கேள்விக்கு மனதுக்குள்ளாவது நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். ஐந்து வருடத்தில் இந்தக் கவுண்டரை விட்டுப் போகத்தான் ஆசை என்றால், டிப்ளோமாவுக்குப் பணமும் சனிக்கிழமையும் செலவழிப்பதில் பயன் குறைவு. நேராகப் பட்டத்துக்குப் போ. இந்த அலுமாரிகளோடுதான் இருக்கப்போகிறேன் என்றால் வரிசை தலைகீழாக மாறும்.

எந்தப் பாடத்தில் பட்டம் எடுத்தாலும் அதற்கு மேல் நூலகத் துறைக்குத் திரும்பலாம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999இல் தொடங்கியது. பட்டப்பின் படிப்புகள் அங்கே இருக்கின்றன, பாடசாலை நூலகத்துக்கென்று தனிப் படிப்பும் உண்டு. முதுகலை மட்டத்தில் ஆங்கிலம் இல்லாமல் முடியாது. தமிழில் டிப்ளோமா, தமிழில் பட்டம் என்று வந்த எனக்கு அந்த வாசலில் இன்றைக்கும் கால் கூசுகிறது. இப்போது தொடங்குகிறவர்கள் முதல் நாளில் இருந்தே பாடக் குறிப்பில் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டியலாக்கம், பகுப்பாக்கம், சேர்வுப் பதிவேடு, இரவல் வழங்கல் என்று தமிழில் சரளமாகச் சொல்லிவிட்டு, கோஹா மென்பொருளின் திரையைப் பார்த்து முழிக்கிறோம். அது நூலக வேலைகளுக்கான இலவச மென்பொருள், நியூசிலாந்தில் உருவானது, இங்கே பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் ஓடுகிறது. நாளைக்கு எங்கள் சபைக்கும் வரலாம்.

போனில் வந்த அந்தப் படம்

இந்தியாவில் நூலக விஞ்ஞான இளமாணிப் பட்டம் ஒரு வருடம் என்பது உண்மைதான். ஆனால் அது வேறொரு பட்டம் எடுத்தவர்கள் அதற்கு மேல் படிப்பது. எங்கள் ஊரில் இளமாணி என்றால் ஏ.எல். முடித்தவுடன் சேருவது, அங்கே இந்தப் பாடத்தில் அது இரண்டாவது பட்டம். பெயர் ஒன்று, படி வேறு. தங்கச்சியிடம் முதல் பட்டம் இல்லை, ஆகவே அந்தப் படத்தை அழித்துவிடச் சொன்னேன். ஏற்கெனவே பட்டம் இருக்கிறவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய தெரிவுதான். பாட நூல்கள் ஏராளம், கொஞ்சம் தமிழிலும் கிடைக்கும். பணம் கட்டுமுன் இரண்டு இடங்களில் கேட்க வேண்டும்: அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்விப் பட்டத்தைக் கொழும்பில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா, உன் பதவிக்கான ஆட்சேர்ப்புத் திட்டத்தில் அது அடங்குகிறதா. முதலாவதுக்கு ஆம் என்றால் இரண்டாவதுக்கும் ஆம் என்று அர்த்தமில்லை. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். போனில் "ஓம், சரியாயிருக்கும்" என்று சொன்னவர் நேர்முகத் தேர்வில் உன் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்.

சனிக்கிழமைக் கணக்கு

படிப்புகளை ஒப்பிடும்போது எல்லாரும் கட்டணத்தைத்தான் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் கட்டணம் தாங்கக்கூடியது, பஸ்ஸும் லீவும்தான் ஆளைச் சாய்க்கும். ஹட்டனில் இருந்து கண்டிக்குக் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போக மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு ஒன்பதுக்கு என்றால் விடியற்காலையிலேயே பஸ்ஸில் இருக்க வேண்டும். தோட்டத்தில் இருந்து பட்டணத்துக்கு அந்த இருட்டில் இறங்குவதற்கு ஓட்டோ. போக வர ஆறு மணித்தியாலம், வருடத்தில் நாற்பது சனிக்கிழமை என்றால் 240 மணித்தியாலம் பஸ்ஸிலேயே கழியும். அதாவது எட்டு மணித்தியால வேலை நாட்கள் முப்பது. அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று முதலிலேயே திட்டம் வேண்டும். வளைவுகளில் புத்தகம் படித்தால் எனக்கு வாந்தி வரும். அதனால் பாடத்தை என் குரலிலேயே போனில் பதிவு செய்து கேட்டுக்கொண்டு போனேன். 2020க்குப் பிறகு சில வகுப்புகள் சூமுக்கு வந்தது பெரிய ஆறுதல், ஆனால் எங்கள் டிவிஷனில் சிக்னல் பிடிக்க மேல் மலைக்கு ஏற வேண்டும். மழை பெய்தால் குடையும் போனும் கொப்பியும் என்று மூன்று கை வேண்டும்.

லீவு வேறு கதை. வங்கியிலோ, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்திலோ வேலை செய்கிறவருக்குச் சனிக்கிழமை ஓய்வு. பொது நூலகத்துக்குச் சனிக்கிழமைதான் திருநாள்! பள்ளிக்கூடப் பிள்ளைகளும் டியூஷன் முடித்தவர்களும் பேப்பர் பார்க்க வருகிற பெரியவர்களும் அன்றைக்குத்தான் குவிவார்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்றால் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்றே பாராமல் நிகழ்ச்சி இருக்கும். நூலகம் படிக்கிறவளுக்கு நூலகமே தடையாக நிற்கிற வேடிக்கை இது. நான் படித்த காலத்தில் ஒரு மேலதிகாரி, "படிக்கிறதென்றால் வேலையை விட்டுட்டுப் படிக்கலாமே" என்று லீவுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கூட வேலை செய்தவர்களோடு முறை மாற்றிக்கொண்டு, அவர்களின் ஞாயிறுகளையும் பௌர்ணமிப் போயா நாட்களையும் நான் சுமந்துதான் மூன்று மட்டமும் முடித்தேன். ஆகவே விண்ணப்பப் படிவத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, கூட வேலை செய்கிறவர்களோடு ஒரு தேநீர் குடித்துப் பேசுவதுதான். சபைச் செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, படிப்பு உன் பதவியோடு சம்பந்தப்பட்டது என்பதைக் கோவையில் ஏற்றிவிடு. டிப்ளோமாவுக்கு இந்தக் கடிதம் எழுதுவது சுலபம், புவியியல் பட்டத்துக்குக் கொஞ்சம் கஷ்டம்.

இதற்கிடையில் நிரந்தர நியமனம் கிடைத்தால் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையும் மற்ற அரசகரும மொழித் தேர்ச்சியும் வரிசையில் வந்து நிற்கும். தமிழில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் சிங்களம் பாஸாக வேண்டும். சம்பள ஏற்றம் இவற்றில் தங்கியிருப்பதால், இந்தப் பரீட்சைகள் வருகிற வருடத்தில் புதிய படிப்பைத் தொடங்காமல் இருப்பதே புத்தி. நான் ஒரே வருடத்தில் மூன்றையும் இழுத்துப்போட்டு, மூன்றிலும் அரைகுறையாக நின்றேன்.

நான் சொன்ன வரிசை

கடைசியில் தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான். இந்த வேலையில் நிற்கத்தான் ஆசை என்றால் டிப்ளோமாவின் முதல் மட்டத்தை இந்த வருடம் எடு, வேறெதையும் தொடாதே. இரண்டாம் மட்டம் முடிந்த பிறகு பட்டத்துக்குப் பதிவு செய். அதற்குள் ஒப்படை எழுதுகிற கை பழகியிருக்கும், சனிக்கிழமைகளைப் பேசி வாங்குகிற வாயும் பழகியிருக்கும். மூன்றாம் மட்டத்தையும் பட்டத்தின் முதல் வருடத்தையும் ஒன்றாக இழுக்கலாமா என்பதை அப்போது உடம்பைக் கேட்டு முடிவு செய். பட்டத்தில் பாடம் தெரிவு செய்யும்போது வரலாற்றை விட்டுவிடாதே, எங்கள் நூலகத்தில் வருகிற கேள்விகளில் பாதி அதுதான். முதுகலை பற்றி இப்போது பேச வேண்டாம், ஆங்கிலத்தை மட்டும் விடாமல் பிடி.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதையும் அவளிடம் மறைக்கவில்லை. பட்டத்தை முதலில் முடித்த என் தோழி ஒருத்தி இன்றைக்கு ஆசிரியை. சம்பளமும் கூட, பள்ளிக்கூட லீவும் கூட. என் வரிசைப்படி போனவள் இன்னும் சபை நூலகத்தில்தான் இருப்பாள். எங்களை ஒன்றாகப் பார்க்கிற உறவுக்காரர்கள் யார் கெட்டிக்காரி என்று சந்தேகப்படுவதே இல்லை. அவள் வீட்டில் யாரும் மலையில் இருந்து விழவில்லை என்பதையும் அவர்கள் யோசிப்பதில்லை.

தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ நான் இதை விட்டுப் போவேனா, இருப்பேனா என்று எனக்கே தெரியலையே அக்கா" என்றாள். அது நியாயமான பதில். இருபத்திரண்டு வயதில் எனக்கும் தெரியாது. தெரியாதவர்களுக்கும் முதல் மட்டம்தான் நல்லது என்றேன். பல வருடங்களைப் பணயம் வைக்காமல், இந்தத் தொழில் தனக்குப் பிடிக்குமா என்று பார்க்கக் கிடைக்கிற மலிவான வழி அது. வகுப்பில் பகுப்பாக்கம் நடக்கும்போது கொட்டாவி வந்தால் பட்டத்துக்குப் போய்விடலாம். பஸ்ஸில் தனியாகச் சிரித்தால் இங்கேயே இருக்கலாம்.

திங்கட்கிழமை படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்தாள். புகைப்படம் ஒட்டவில்லை, கையொப்பம் தவறான இடத்தில் போட்டிருந்தாள், புதிய படிவம் ஒன்று அச்செடுத்துக் கொடுத்தேன். அப்புறம் கடமைப் பட்டியலை எடுத்து, வகுப்பு தொடங்குகிற மாதத்தில் இருந்து சனிக்கிழமைக் கட்டங்களில் அவள் பெயரை அழித்து என் பெயரை எழுதினேன். ஞாயிறும் போயாவும் அவளுக்கு.